"ஒரு சீசன் செடி" என்று மண்டெவில்லா விற்கிறார்கள், கவனம்

கோலாலம்பூர் இரவுச் சந்தைகளிலோ வாட்ஸ்அப்பிலோ மண்டெவில்லா கொடி வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

செந்தூல் பக்கம் ஒரு வியாபாரியிடம் 45 வெள்ளிக்கு ஒரு தொட்டி வாங்கினேன். கம்பி வளையத்தில் சுற்றிக் கட்டிய கொடி, இளஞ்சிவப்புப் பூக்கள், பார்க்கவே அவ்வளவு ஆசையாக இருந்தது. கொஞ்ச நாளிலேயே மண் ஈரமாக இருக்கும்போதே இலைகள் துவண்டன. அப்புறம் மொட்டெல்லாம் கொட்டிப்போயின.

வியாபாரியிடம் கேட்டேன். "அக்கா, இது ஆனுவல் பிளான்ட். ஒரு சீசன் பூத்தா முடிஞ்சிடும். வெளிநாட்டுல வருஷா வருஷம் புதுசுதான் வாங்குவாங்க" என்றார்.

வெளிநாட்டுக் கதை உண்மைதான். ஐரோப்பாவில் பலர் இதைக் கோடைக்கு மட்டும் வைத்து, உறைபனியோடு விட்டுவிடுகிறார்கள். மத்திய, தென் அமெரிக்காவின் வெப்பப் பகுதிக் கொடி அது. குளிர் 10 டிகிரிக்குக் கீழே போனால் தாங்காது. ஆனால் கோலாலம்பூரில் ஏது உறைபனி? இரவில்கூட 23, 24 டிகிரி இருக்கிற ஊர் இது. இங்கே அது வருடக்கணக்கில் நின்று பூக்கும். கிள்ளானில் என் பெரியம்மா வீட்டு கேட்டில் படர்ந்திருப்பதும் இதே கொடிதான். எத்தனை தீபாவளி பார்த்துவிட்டது!

செத்த கொடியைப் பிடுங்கிப் பார்த்தேன். வேரே இல்லை. பூத்திருந்த கிளைகளை நாலைந்தாக வெட்டி, புது மண்ணில் செருகி, வளையத்தில் கட்டி விற்றிருக்கிறார்கள். தண்டில் மிச்சமிருந்த சத்தில்தான் அந்தப் பூக்கள் நின்றிருக்கின்றன. படம் எடுத்து அனுப்பினேன், உடனே என்னை பிளாக் செய்துவிட்டார். நமக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு அப்படிப் பேசியதுதான் இன்னும் ஆறவில்லை.

வாங்கும்போது தண்டின் அடியைப் பிடித்து லேசாக அசைத்துப் பாருங்கள். வேர் பிடித்த செடி மண்ணோடு சேர்ந்து அசையும். செருகிய குச்சி தனியாக ஆடும், மேலே வந்துவிடும். தொட்டியின் அடித்துளையில் வேர் நுனி தெரிகிறதா என்றும் பாருங்கள். பூவை விட நுனியில் புதுத் தளிர் இருப்பதுதான் முக்கியம். (ஒடித்தால் பால் வடியும், அரளிக் குடும்பம். கையைக் கழுவிவிடுங்கள்.)

ரசீது கேட்டு வாங்குங்கள். சொன்னபடி இல்லாத பொருளுக்கு 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. நடுவர் மன்றத்தில் மனு கொடுக்க 5 வெள்ளிதான் கட்டணம், வக்கீல் வேண்டாம். வாட்ஸ்அப் பேச்சு, பணம் அனுப்பிய சான்று, வேரில்லாத குச்சிகளின் படம் எல்லாம் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. இந்த வாரம் மனு கொடுக்கிறேன். அதே ஆளிடம் ஏமாந்தவர்கள் இருந்தால் உங்கள் படங்களையும் அழிக்காமல் வைத்திருங்கள்.