வித்துக்கு நாலு நட்சத்திரம், துண்டுப்பிரசுரத்துக்குப் பூச்சியம்

விறாந்தையில் பழைய பேப்பர் இடுப்பளவுக்கு அடுக்கிக் கிடந்தது. நிறுத்து விற்பதற்கு முதல் ஒருக்கால் செய்து பார்ப்போமே என்று சிப்பிக் காளான் வளர்க்கும் பெட்டி ஒன்று வாங்கினேன். கடையின் பெயர் வேண்டாம், யாழ்ப்பாணத்துக்குள்தான். 1,400 ரூபாவுக்கு அரைக் கிலோ வித்து (நெல்மணியில் வளர்த்த காளான் இழை), ஐந்து பொலித்தீன் பை, தண்ணீர் விசிறும் போத்தல், ஒரு துண்டுப்பிரசுரம்.

வித்தில் குறை சொல்ல ஏதுமில்லை. ஒவ்வொரு நெல்மணியையும் வெள்ளை இழை பஞ்சு போலச் சுற்றியிருந்தது, பச்சையாகவோ கறுப்பாகவோ ஒரு புள்ளிகூட இல்லை.

பிழை எல்லாம் அந்தத் துண்டில்தான். பழைய பேப்பர் மட்டும் போதும் என்று போட்டிருந்தார்கள், நானும் நம்பி, கொதிநீரில் ஊறவைத்துப் பிழிந்து இரண்டு பை நிரப்பினேன். தண்ணீர் கூடின புட்டு மாதிரிக் கட்டிபட்டுப் போனது. உள்ளே காற்றுப் போக வழியில்லை, இழை மேலே இரண்டு அங்குலம் படர்ந்து அப்படியே நின்றுவிட்டது, பத்தாம் நாள் புளித்த வாடை, அப்புறம் பச்சைப் பூஞ்சணம். இரண்டையும் வாழையடியில் தாட்டேன்.

கடையில் போய்க் கேட்டால், "தம்பி, வைக்கலும் கலக்கவேணும், அது எல்லாருக்கும் தெரியும்தானே" என்கிறார். எனக்குத் தெரியாதே அண்ணை, அதுக்குத்தானே துண்டு!

சரி, மிச்ச மூன்று பையையும் என் போக்கில் செய்தேன். கிளிநொச்சியில் இருந்து மாமா கொண்டுவந்த வைக்கோலை இரண்டு அங்குலத்துக்கு வெட்டி, ஒரு இரவு ஊறவைத்து, கிடாரத்தில் 70 பாகை அளவுச் சூட்டில் ஒரு மணித்தியாலம் வைத்து வடித்து ஆறவிட்டேன். மூன்றில் ஒரு பங்கு பேப்பர், கொஞ்சம் வாழைச் சருகு. கைக்குள் இறுக்கிப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டுத்தான் விழவேண்டும், ஒழுகினால் இன்னும் வடியவிட வேண்டும். பளபளப்பான கலர்த் தாளைச் சேர்க்கவில்லை. வைக்கோல் ஒரு அடுக்கு, வித்து ஒரு அடுக்கு என்று நிரப்பிக் கட்டினேன், 18 நாளில் மூன்று பையும் வெள்ளை வெளேர் என்று ஆனது.

பையில் கீறிவிட்ட இடத்தில் கடுகளவில் மொட்டு வந்தபோது சோளகம் என்ற தென்மேற்குக் காற்றுத் தொடங்கிவிட்டது. அந்தக் காற்றுக்கு ஓரமெல்லாம் காய்ந்து சுருண்டது, பயந்துபோய்க் குளியலறைக்குள் பூட்டி வைத்தேன், அங்கே காற்றோட்டம் இல்லாமல் தண்டு நீண்டு குடை சின்னதாகிப் போனது. கடைசியில் கிடுகுக் கொட்டிலில் நனைத்த சாக்குத் தொங்கவிட்டபிறகுதான் சரிவந்தது. எங்கள் பக்கத்தில் இந்த வேலையை வாடைக்காற்றுக் காலத்தில் தொடங்குவதே நல்லது, அதையும் துண்டில் யாரும் எழுதவில்லை. விசிறும் போத்தலும் ஒரு கிழமைதான் தாங்கியது, எங்கள் கிணற்றுத் தண்ணீரின் சுண்ணாம்பு அதன் வாயை அடைத்துவிட்டது.

முதல் அறுவடை மூன்று பையிலும் சேர்த்து 550 கிராம், இரண்டாவது 300. வெள்ளிக்கிழமை மிளகு போட்டுப் பிரட்டினோம், அம்மம்மா மட்டும் "மச்சம் மாதிரி மணக்குது" என்று தட்டைத் தள்ளி வைத்துவிட்டா.

வித்தைத் தனியாகவும் தருவார்களாம், 600 ரூபா. கேட்டால்தான் சொல்கிறார்கள்.