தங்கிப் பார்க்கும் ஒருவரா, முறைவைத்து வரும் இருவரா?

முதியவரை வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்வது என்று முடிவான பிறகு, பெரும்பாலான குடும்பங்கள் அடுத்துத் தடுமாறுவது ஆள் விஷயத்தில்தான். இரவும் பகலும் வீட்டோடு தங்கும் ஒரே பராமரிப்பாளரை அமர்த்துவதா, பகலுக்கு ஒருவர் இரவுக்கு ஒருவர் என இருவரை முறைவைத்து வரச்செய்வதா? பக்கவாதத்துக்குப் பின் வலப்பக்கம் வலுக்குறைந்த என் தந்தைக்காக இரண்டு ஏற்பாடுகளையும் பார்த்துவிட்டோம். இப்போது இருப்பது இருவர் முறை. நான் அதன் பக்கம் சாய்ந்தே எழுதுகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதியோர் இல்லத்தை உள்ளிருந்து பார்த்த அனுபவம் எனக்கு இல்லையாதலால் அதை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை.

தங்கும் ஆளுக்கான நியாயங்களை நீட்ட வேண்டியதில்லை. சம்பளச் செலவு குறைவு, ஒருவருக்குச் சொல்லிக்கொடுத்தால் போதும், கூப்பிட்ட நேரத்துக்கு ஆள் இருக்கும். இருவர் முறையில் செலவு ஏறக்குறைய இரட்டிப்பாகும். இரண்டு பேரின் விடுப்பையும் சமாளிக்க வேண்டும். ஒருவர் வரத் தாமதமானால் மற்றவர் முகம் சுளிப்பார். இவ்வளவும் உண்மைதான்.

ஆனால் எங்கள் முடிவைத் தீர்மானித்தது இரவு நேரம். முதுமையில் இரவில் இரண்டு மூன்று முறை சிறுநீர் கழிக்க எழுவது சாதாரணம். பகலில் கால்களில் தேங்கும் நீர், படுத்த பிறகு இரத்த ஓட்டத்தில் திரும்பக் கலந்து சிறுநீராக வெளியேறுவதால், கால்வீக்கம் உள்ளவர்களுக்கு இது இன்னும் அதிகம். ஒவ்வொரு முறையும் செய்ய வேண்டியது ஒரே வேலைதான்: எழுப்பி, கட்டில் விளிம்பில் கால் தொங்க உட்காரவைத்து, ஓரிரு நிமிடம் பொறுத்து, தலைசுற்றல் இல்லை என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, பிறகே வாக்கரைப் பிடிக்கச் சொல்ல வேண்டும். எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் இரத்த அழுத்தத்தின் மேல் அளவு 20 புள்ளி அல்லது அதற்கு மேல் இறங்கினால் அதை மருத்துவர்கள் ஒரு கோளாறாகவே கணக்கிடுகிறார்கள். விழுவதற்கு அது ஒரு முக்கியக் காரணம். பகல் முழுதும் உழைத்து, ஆழ்ந்த உறக்கத்திலிருந்து எழுப்பப்படும் ஒருவர் முதலில் விட்டுவிடுவது அந்த ஓரிரு நிமிடப் பொறுமையைத்தான். இதற்கு அவரைக் குறை சொல்ல முடியாது. விழித்த கையோடு எவருடைய மூளையும் முழுத் தெளிவுக்கு வந்துவிடுவதில்லை.

பராமரிப்பாளருக்கு இரவில் விட்டுப்போன தூக்கத்தின் விளைவு மறுநாள் பகலில் தெரியும். பலரும் கவனிக்காத இடம் இதுதான். குளித்தல், உடுத்தல், கழிப்பறைக்குப் போய்வருதல், இடம் மாறி அமர்தல், மலசலத்தைக் கட்டுப்படுத்தல், உண்ணுதல் என்ற ஆறையும் வைத்து முதியவரின் தற்சார்பை அளக்கும் கட்ஸ் அளவுகோல் 1963-இல் வெளியானது. இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. இந்த ஆறில் ஒவ்வொன்றையும் இரண்டு விதமாகச் செய்விக்கலாம்: முதியவரையே செய்யவிட்டு உடன் நிற்கலாம், அல்லது அவருக்காக நாமே செய்து முடிக்கலாம். என் தந்தை சட்டை போடும்போது வலுக்குறைந்த வலக்கையை முதலில் கைப்பகுதிக்குள் நுழைத்து, தோள்வரை இழுத்துவிட்டு, பிறகு இடக்கையை நுழைத்து, ஒற்றைக் கையால் பொத்தான்களைப் போடுவார். மூன்றாவது பொத்தானில் விரல் வழுக்கும், மறுபடி தொடங்குவார். போதிய தூக்கம் உள்ளவர் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்பார். களைத்தவர் கண்மூடித் திறப்பதற்குள் தானே போட்டுவிடுவார். அதில் அன்பும் இருக்கலாம், ஆனால் பயன்படுத்தாத தசை சுருங்கும். முதியவர்களுக்கு அது விரைவாகச் சுருங்கி, மெதுவாகவே மீளும். இப்படித்தான் ஆறில் ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போகிறது. அதனால்தான் பராமரிப்பாளரின் ஓய்வையும் தந்தைக்கான சிகிச்சைச் செலவில் சேர்த்தே கணக்குப் பார்த்தோம்.

நியாயத்தின் பக்கமும் ஒன்று உண்டு. வீட்டுப் பணியாளர்களுக்காக 2011-இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு நிறைவேற்றிய 189-ஆம் உடன்படிக்கை, வாரம் ஒருமுறை தொடர்ந்து 24 மணிநேரமேனும் ஓய்வு வேண்டும் என்கிறது. கூப்பிட்டால் வர வேண்டிய நிலையில் அவர்கள் காத்திருக்கும் நேரத்தையும், அந்தந்த நாட்டுச் சட்டம் வகுக்கும் அளவில், வேலை நேரமாகக் கருத வேண்டும் என்றும் சொல்கிறது. அந்தக் கண்ணோடு பார்த்தால், தந்தையின் கட்டிலருகே பாய்விரித்துப் படுக்கும் ஒருவரின் இரவை முழு ஓய்வு என்று எழுதிவிட முடியாது.

புதுமுகங்கள் முதியவரைக் குழப்பும் என்ற மறுப்பு நியாயமானது. ஏஜென்சி நாளுக்கொருவரை அனுப்பினால் நிச்சயம் குழப்பும். ஆனால் மாறாத இரண்டு முகங்கள் பழகிவிடும். நெதர்லாந்தில் 2006-இல் தொடங்கிய பியூர்ட்சோர்க் என்ற வீட்டுச் செவிலியர் அமைப்பு, அதிகபட்சம் 12 பேர் கொண்ட சிறு குழுக்களாக இயங்குவதும் தெரிந்த சிலரே திரும்பத் திரும்ப வர வேண்டும் என்பதற்காகத்தான். ஆகவே அமர்த்தும்போதே, ஆள் மாற்றுவதானால் முன்கூட்டிச் சொல்ல வேண்டும் என்று கறாராகப் பேசிவிடுவது நல்லது.

இருவர் முறையின் பலவீனம் கைமாறும் நேரத்தில் இருக்கிறது. காலையில் பார்த்தது மாலையில் வருபவருக்குத் தெரியாமல் போகும். ஒரு சாதாரண நோட்டு இதற்குப் போதும்: குடித்த தண்ணீர், மலம் கழிந்ததா, கொடுத்த மாத்திரை, கால்வீக்கம், குதிகாலிலும் இடுப்பின் பின்புறத்திலும் தோல் சிவப்பு. அழுத்திப் பார்த்தும் வெளுக்காத சிவப்பு, படுக்கைப்புண்ணின் முதல் கட்டம். இரண்டு பேர் பார்ப்பதில் ஒரு லாபமும் உண்டு; தினமும் பார்ப்பவர் கண்ணுக்குப் பழகிப்போன சிவப்பு, அடுத்தவர் கண்ணில் பட்டுவிடும்.

நினைவுத் தடுமாற்றம் உள்ளவர்களுக்கு இந்தத் தீர்ப்பு பொருந்துமா என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. என் தந்தைக்கு நினைவு தெளிவாகவே இருக்கிறது. மாலை மங்கும் நேரத்தில் பதற்றம் கூடும் முதியவருக்கு, அதே வேளையில் ஆள் மாறுவது நல்லதல்ல என்றே தோன்றுகிறது. அங்கே மாற்றும் நேரத்தைப் பிற்பகலுக்குத் தள்ளலாம், அல்லது தங்கும் ஒருவரே மேலாகவும் இருக்கலாம். இரவில் எழாமல் உறங்கும், தானே நடமாடும் முதியவருக்கு இரண்டாவது ஆள் வீண் செலவு.

இருவருக்கான வசதி இல்லையென்றால், பகலுக்கு மட்டும் ஆள் வைத்து இரவைக் குடும்பத்தினர் முறைபோட்டுப் பகிர்ந்துகொள்வதை நான் இரண்டாவது இடத்தில் வைப்பேன். சிறுநீரை அதிகமாக வெளியேற்றும் நீர்நீக்கி மாத்திரை இருந்தால் அதைக் காலையில் கொடுக்கலாமா என்று மருத்துவரிடம் கேட்டு, படுக்கையருகே சிறுநீர்க் குவளையும் மங்கலான விளக்கும் வைத்தால், எழும் தடவைகளும் எழுவதன் ஆபத்தும் ஓரளவு குறையும்.