சத்தம் போடாத துண்டு உலர்த்தி: இராமேசுவரம் விடுதி ஒன்றின் மதிப்பீடு

ஐப்பசி, கார்த்திகையில் இராமேசுவரத்தில் அறை வாடகைக்கு விடுவோருக்கு மழையைவிட ஈரத் துண்டுதான் பெரிய தலைவலி. அக்னி தீர்த்தத்தில் நனைந்த துண்டில் கடலுப்பு தங்கிவிடுகிறது; காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் அந்த உப்பே காற்றிலுள்ள நீரை இழுத்துக்கொள்வதால், நாள் முழுக்கக் கொடியில் கிடந்தாலும் துண்டின் பிசுபிசுப்பு போவதில்லை. இதற்காகவே, குளியலறைச் சுவரில் பொருத்தும் சுடுகாற்று உலர்த்திகளை ஒரு பட்டறையில் சொல்லிச் செய்து வாங்கினோம்.

முதலில் பாராட்ட வேண்டியது இதன் அமைதி. விடியற்காலையில் தீர்த்தமாடக் கிளம்புகிறவர் இதை ஓடவிட்டாலும் பக்கத்து அறையில் உறங்குபவருக்குத் தெரிவதில்லை. விசிறியின் வேகத்தைப் பாதியாக்கினால் ஒலி சுமார் 15 டெசிபல் இறங்கும், ஆனால் காற்றும் பாதியாகிவிடும் என்பதை அறிந்து, சிறிய விசிறியை விரட்டி ஓட்டாமல், பெரிய இறக்கைச் சக்கரத்தை மெதுவாகச் சுழலவிட்டிருக்கிறார்கள். மோட்டாருக்கும் சுவருக்கும் இடையே தடித்த ரப்பர் வளையங்கள் உள்ளன. அவை இல்லாவிட்டால் சுவரே மேளத்தோல்போல் அதிரும். காற்று வெளிவரும் வாயையும் அகலமாக விட்டிருப்பதால் சீறல் இல்லை.

வேகத்தை மட்டும் எதிர்பார்க்கக் கூடாது. ஒரு லிட்டர் நீரை ஆவியாக்க ஏறக்குறைய 0.67 யூனிட் மின்சாரம் தேவை. பிழிந்த துண்டில் 300 மில்லி நீர் இருந்தால், 400 வாட் ஹீட்டர் சிறிதும் வீணாக்காமல் உழைத்தாலும் அரை மணி நேரம் ஆகும். ஐந்து நிமிடத்தில் காயவைப்பதாக யாராவது விற்றால் நம்ப வேண்டாம். வெளியேற்று விசிறியையும் சேர்த்துப் போடாவிட்டால், துண்டை விட்ட ஈரம் அறைக்குள்ளேயே சுற்றும்.

பஞ்சு அடைத்துக் காற்று குறைந்தால் தானே சூட்டைக் குறைத்துக்கொள்ளும் பி.டி.சி. வகை ஹீட்டரும், கழற்றிக் கழுவும் வலையும் நல்ல தேர்வுகள். மின்சாரம் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் கசிவுத் துண்டிப்பானை நாங்களே தனியாகப் பொருத்தினோம். ஈரக்கை படும் இடத்தில் அதைத் தவிர்க்க முடியாது.

குறை திருகாணிகளில் இருக்கிறது. பெட்டி துருவேறா எஃகு. ஆனால் அதைப் பிணைத்திருப்பவை துத்தநாகம் பூசிய சாதாரண ஆணிகள். ஒரு மழைக்காலத்துக்குள் அவை செம்பழுப்பாகிச் சுவரில் கறை வடித்தன. கடற்கரைக்கு விற்பவர்கள் கடலுப்பை நன்கு தாங்கும் 316 தரத் துருவேறா எஃகு ஆணிகளையே தர வேண்டும். அடுத்து வாங்கவிருப்பவற்றுக்கு அதை எழுத்திலேயே கேட்டிருக்கிறோம்.