பென்டிரைவ் வானொலி: ஒரு வருடம் கேட்ட பிறகு

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் ஒரு மின்சாமான் கடையில் இந்த வானொலிப் பெட்டியை வாங்கி ஒரு வருடம் தாண்டிவிட்டது. எஃப்எம், ஏஎம், புளூடூத், பென்டிரைவ் சொருக ஓர் இடம், சார்ஜ் போடும் பேட்டரி, வலப்பக்கம் பெரிய திருகு. 120 வெள்ளிக்குள் (ரிங்கிட்) முடிந்தது. பெயர் தெரியாத கம்பெனி. இதே மாதிரிப் பெட்டி எல்லா ஊர்க் கடைகளிலும் வேறு வேறு பெயரில் இருக்கும், அதனால் பெயரைவிட உபயோகம்தான் முக்கியம்.

வாங்கிய வாரமே எழுதியிருந்தால் சத்தம் நன்றாக இருக்கிறது, விலைக்கு ஏற்ற பொருள் என்று முடித்திருப்பேன். ஆனால் இந்த வருடம் எங்கள் வீட்டுக்குச் சாதாரண வருடம் இல்லை. தீபாவளிக்கு முன்பு அம்மா தவறினார். தைப்பூசத்துக்கு முந்தின வாரம் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. அந்தச் செலவு தொடங்கிய நேரம் பார்த்து, நான் எடைமேடையில் கிராணியாக (எழுத்தராக) இருக்கும் செம்பனை (எண்ணெய்ப்பனை) ஆலையில் ஓவர்டைமைக் குறைத்தார்கள். இத்தனைக்கும் நடுவில் இந்தப் பெட்டி பாடிக்கொண்டே இருந்தது. அதனால் பெட்டியைப் பற்றி மட்டும் தனியாக எழுத எனக்கு வரவில்லை.

ஒரு வருடம் கேட்ட பிறகு எனக்குத் தெளிவாகத் தெரிந்தது இதுதான். கஷ்டகாலத்தில் நாமே தேடிப் போட்டுக்கொள்ளும் பாட்டு வேறு, யாரோ போட நம் காதில் வந்து விழும் பாட்டு வேறு. முதலாவது நம்மை இருக்கும் இடத்திலேயே உட்கார வைக்கிறது. எனக்குக் கைகொடுத்தது இரண்டாவது.

முதலில் அப்பா. அவர் தோட்டத்தில் பால்மரம் (ரப்பர்) வெட்டியவர். விடியுமுன் ஆள்கணக்கு எடுக்கும் பிரட்டுக் களத்தில் பேர் கொடுத்துவிட்டு, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு தன் மர வரிசையான நிரைக்குப் போவார். மரத்துக்கு மரம் நடக்கும்போது டி.எம். சௌந்தரராஜன் பாட்டுத்தான் துணை. இசையமைப்பாளர்கள் விஸ்வநாதன், ராமமூர்த்தி இருவரும் 1965-இல் பிரிந்ததை இன்றுவரை சொந்தக் குடும்பத்துச் சண்டை போலப் பேசியவர். பத்து வயதிலிருந்து முப்பது வயதுக்குள் கேட்ட பாட்டுதான் மனுஷனுக்குக் கடைசிவரை அழுத்தமாக நிற்கும் என்று ஞாபகத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவர்கள் சொல்கிறார்கள். அப்பாவுக்கு அந்த வயது முழுக்க அறுபதுகளும் எழுபதுகளும். ரப்பரை அழித்துச் செம்பனை போட்ட பிறகு தோட்டத்து லயத்தை விட்டுத் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்கு வந்தோம். வீடு மாறியது, பாட்டு மாறவில்லை.

பக்கவாதம் மூளையின் இடப்பக்கம். வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் போய்விட்டது. நாம் சொல்வதெல்லாம் அவருக்குப் புரியும். பதில் மனதில் இருக்கும், வாயில் வராது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த முதல் வாரங்களில் தண்ணீர் கேட்கக்கூட முடியாமல் கட்டிலின் விளிம்பைத் தட்டித் தட்டி அழுவார். வீடு அத்தனை அமைதியாக இருப்பதைத் தாங்க முடியாமல்தான் இந்த வானொலியை அவர் பக்கத்தில் வைத்து ஓடவிட்டேன்.

ஒரு காலைநேரம் நான் பின்னால் சட்டி கழுவிக்கொண்டிருந்தேன். முன்னால் டி.எம்.எஸ். பாட்டு ஓடியது. கொஞ்ச நேரத்தில் இரண்டு குரல் கேட்டது. ஈரக் கையோடு ஓடிப் போய்ப் பார்த்தால், அப்பா பல்லவி முழுவதையும் பாடுகிறார். ஒரு சொல் விடவில்லை. உச்சரிப்பில் கொஞ்சம் குழறல், அவ்வளவுதான். பாட்டு முடிந்ததும், "அப்பா, பசியாறுறீங்களா?" என்று கேட்டேன். வாயைத் திறந்தார். சத்தம் மட்டும் வந்தது, சொல் வரவில்லை.

ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண்ணிடம் இதைச் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவில்லை. பெரும்பாலானவர்களுக்குப் பேச்சைக் கோத்துக் கொடுப்பது மூளையின் இடப்பக்கம், ராகத்தையும் பலமுறை பாடி ஊறிப்போன வரிகளையும் வலப்பக்கமும் சேர்ந்து தாங்குகிறது என்றார். இதை வைத்தே 1973-இல் அமெரிக்காவில் ஒரு பயிற்சி முறையைக் கொண்டுவந்தார்களாம். அன்றாடம் தேவைப்படும் சின்னச் சொற்றொடரை எடுத்து, மேல் சுரம் ஒன்று, கீழ்ச் சுரம் ஒன்று என்று இரண்டே சுரத்தில் பாட வேண்டும். ஒவ்வோர் அசைக்கும் நோயாளியின் இடது கையால் ஒரு தட்டு. பாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் பேச்சுக்குக் கொண்டுவர வேண்டும்.

அப்படித்தான் தொடங்கினோம். சாப்பாட்டு மேசையில் அப்பாவின் இடது கையை என் கைக்குள் வைத்துக்கொள்வேன். 'தண்' மேலே, 'ணி' கீழே. மேசையில் இரண்டு தட்டு. முதலில் நான் மட்டும் பாடுவேன், அப்புறம் இருவரும், அப்புறம் பாதியில் நான் நிறுத்திக்கொள்வேன். அவர் முகத்தில் வேர்க்கும். சில நாள் கோபத்தில் கையை உதறிவிடுவார். மாதக்கணக்கில் போனது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கைப்பேசியில் சுற்றும் வீடியோக்களைப் பார்த்து நிறையப் பேர் என்னிடம் கேட்கிறார்கள். முழுப் பாட்டையும் பாடுவதால் பேச்சு திரும்பிவிட்டது என்று அர்த்தமில்லை. மனப்பாடமான பாட்டு ஒரே ஓட்டமாக வந்துவிடுகிறது, அதிலிருந்து ஒரு சொல்லைத் தனியே பிடுங்கி எடுத்துப் பேச அப்பாவால் இன்றும் முடியாது. பேச்சைக் கொஞ்சமாவது கொண்டுவந்தது அந்த இரண்டு சுரப் பயிற்சிதான். பாட்டு கொடுத்தது அதற்கு உட்காரும் மனசை. இன்று அவரிடம் தண்ணி, போதும், வலிக்குது, மாத்து என்று சில சொற்களும் என் பேரும் இருக்கின்றன. எங்களுக்கு அது பெரிது.

இனிப் பெட்டியின் குணம். திருகு வலப்பக்கம் இருப்பது அப்பாவுக்கு உதவவில்லை, வலது கை எழும்பாது. பெட்டியைத் திருப்பி, முதுகு அவரைப் பார்க்கும்படி வைத்தேன். திருகு இடது கைக்கு எட்டியது. சத்தத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் அவர் கையில் வந்த நாளிலிருந்து அவர் முகமே வேறு. இந்த நிலையில் இருப்பவருக்கு வாங்கப் போகிறீர்கள் என்றால் தொடுதிரை உள்ளதை எடுக்காதீர்கள். திருகு வேண்டும், அது நல்ல கைப்பக்கம் வர வேண்டும்.

கடையில் பழைய பாடல்கள் என்று பதிவுசெய்து விற்ற பென்டிரைவ் வீண். ஒரே பாட்டு மூன்று பேரில் இருந்தது, பாதிக்குமேல் சரணத்தில் வெட்டுப்பட்டிருந்தன. மாற்றித் தரமாட்டேன் என்றுவிட்டார்கள். தம்பி மகன் புதிதாகச் சேர்த்துக் கொடுத்தான். நான்கு நிமிடப் பாட்டு, சாதாரண 128 கேபிபிஎஸ் எம்பி3 ஆக இருந்தால் ஏறக்குறைய 4 எம்பி பிடிக்கும். 8 ஜிபி பென்டிரைவில் 2000 பாட்டு வரை அடங்கிவிடும், அதற்கு மேல் யாருக்கு வேண்டும்? அந்தக் காலத்து மோனோ ஒலிப்பதிவுக்கு இந்தத் தரம் போதும். 64 ஜிபி வாங்கினால் அது பெரும்பாலும் எக்ஸ்ஃபேட் என்ற கோப்பு அடுக்கும் முறையில் வரும், இந்த மாதிரிப் பெட்டிகள் பல அதைப் படிக்காது. 32 ஜிபி அல்லது அதற்குக் குறைந்ததை வாங்கி ஃபேட்32 முறையில் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, இந்தப் பெட்டி பாட்டை எழுத்து வரிசையில் எடுப்பதில்லை. எதை முதலில் காப்பி செய்தோமோ அதுதான் முதலில் வரும்.

இந்தச் சின்ன விஷயம் எங்கள் வருடத்தையே கொஞ்சம் மாற்றியது. அணைத்து மறுபடி போட்டால் விட்ட இடத்தை இது ஞாபகம் வைக்காது, முதல் பாட்டிலிருந்தே தொடங்கும். முதலில் இருந்தது நிலையாமையைப் பற்றிய ஒரு தத்துவப் பாட்டு. அருமையான பாட்டு, கண்ணதாசன் வரிகள். ஆனால் அம்மா போன வீட்டில் ஒவ்வொரு காலையும் அதுவே முதல் சத்தமாக இருந்தால் எப்படி இருக்கும்? அப்பா அதைக் கேட்டதும் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். தம்பி மகனிடம் சொல்லி, எல்லாவற்றையும் அழித்து மறுபடி காப்பி செய்யவைத்தேன், காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரத்தை முதலில் வைத்து. வார்த்தை இல்லாத இசை யாருடைய துக்கத்தையும் பேர் சொல்லிக் கூப்பிடாது. பக்கத்து வீட்டுத் தங்கச்சிகூட வேலி ஓரம் வந்து, "அக்கா, காலைல வைக்கிற அந்த நாயனத்தைக் கொஞ்சம் சத்தமா வைங்க" என்றது. நீங்கள் பாட்டு சேர்க்கும்போது முதல் பாட்டை மட்டும் யோசித்து வையுங்கள். அந்தக் காலத்தின் ஞாபகம் அதில்தான் போய் ஒட்டிக்கொள்ளும்.

என் பாட்டு கைப்பேசியில் இருந்தது. பள்ளிக்கூட நாளிலிருந்து எனக்கு இளையராஜா, எஸ்.பி.பி., ஜானகி, பிறகு ஸ்வர்ணலதா. 2010-இல் 37 வயதிலேயே போய்விட்ட குரல் அது, என்னை எப்போதும் கலங்கவைக்கும். அப்பா தூங்கிய பிறகு காதில் மாட்டிக்கொண்டு இருட்டில் படுத்திருப்பேன். ஒரு சோகப் பாட்டைக் கேட்டால் ஆப் அதே சாயலில் இன்னொன்றை எடுத்து நீட்டும். நான் கேட்டதையே எனக்குத் திருப்பித் திருப்பிக் கொடுக்கும். அழுதால் பாரம் இறங்கும் என்பது உண்மைதான், முதல் சில இரவுகளுக்கு. அப்புறம் இறங்கவில்லை, ஊறியது. சித்திரை வருவதற்குள் சில பாட்டுகளின் தொடக்க வயலின் கேட்டாலே ஆஸ்பத்திரி வராந்தாவின் மருந்து வாசனை வந்துவிட்டது. நான் முப்பது வருடமாக நேசித்த பாட்டுகள் அவை. அவற்றை இந்த வருடத்துக்கு மேலும் கொடுக்க மனம் வரவில்லை. எடுத்து ஒதுக்கிவைத்தேன், இன்னும் திறக்கவில்லை.

பகலில் எடைமேடை அறையில் அரசாங்கத் தமிழ் வானொலியான மின்னல் எஃப்எம். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் இன்னமும் அதன் பழைய பேரில் வானொலி ஆறு என்றே சொல்வார்கள். லாரிகள் குலை ஏற்றிக்கொண்டு வரிசையில் நிற்கும், நான் சீட்டு எழுதுவேன், மேசை மேல் பாட்டு ஓடும். கிள்ளானில் யாரோ தன் அம்மா அப்பாவின் கல்யாண நாளுக்கு ஒரு பாட்டு கேட்பார். அது நானாக ஒருகாலும் போடாத துள்ளல் பாட்டு. அடுத்து உள்ளூர்ப் பாடகர்களின் புதுப் பாட்டு, அடுத்து செய்தி, மழை எங்கே, சாலையில் நெரிசல் எங்கே. என் துக்கம் பெரிதா சிறிதா என்று அந்த வானொலிக்குத் தெரியாது. அதுதான் எனக்கு ஆறுதலாக இருந்தது. ஊரில் கல்யாணம் நடக்கிறது, பிள்ளைக்குப் பேர் வைக்கிறார்கள், யாரோ யாருக்கோ வாழ்த்துச் சொல்கிறார்கள் என்று தினமும் காதில் விழுந்துகொண்டே இருந்தது. தமிழ் தெரியாத மலாய் லாரிக்காரர் ஒருவர் சீட்டுக்குக் காத்து நிற்கும்போது இளையராஜா மெட்டை மூக்கால் முனகுவார். ஒரு நாள் நானும் சேர்ந்து முனகினேன். அம்மா போன பிறகு, பயிற்சிக்காக இல்லாமல் எனக்காக நான் ஒரு மெட்டை முனகியது அன்றுதான்.

அதனால் வீட்டிலும் முறையை மாற்றினோம். காலையில் நாகஸ்வரம், பயிற்சிக்குப் பிறகு அப்பாவின் பழைய பாட்டு, மற்ற நேரமெல்லாம் வானொலி. ஊரைச் சுற்றிக் குன்றும் செம்பனையும் இருப்பதால் உள்ளறையில் அலை சரியாக இழுக்காது, ஜன்னல் ஓரம் வைத்து ஏரியலை முழுக்க நீட்ட வேண்டும். ஏரியல் ஆறேழு மாதத்தில் அடியில் ஆட்டம் கண்டது, டேப் சுற்றி வைத்திருக்கிறேன். பேட்டரி தொடக்கத்தில் அரை நாள் தாங்கியது, வருடக் கடைசியில் ஒரு மணி நேரம்கூட நிற்கவில்லை. திறந்து பார்த்தால் டார்ச்லைட்டுகளில் வரும் 18650 வகை. கைப்பேசி பழுதுபார்க்கும் கடையில் மாற்றிக் கொடுத்தார்கள், இப்போது பழையபடி பாடுகிறது.

அம்மாவுக்கு வாணி ஜெயராம் என்றால் உயிர். 2023 பிப்ரவரியில் அவர் இறந்த செய்தி வந்த அன்று அம்மா உலை வைக்கவில்லை. அந்தப் பாட்டுகளை மட்டும் இந்த வருடம் பென்டிரைவில் ஏற்றாமல் விட்டிருந்தேன். வருடத் திதி முடிந்த மறுநாள் தனிக் கோப்புறையில் போட்டு, அப்பாவிடம் சொல்லிவிட்டே ஓடவிட்டேன். முதல் பாட்டைக் கண்ணை மூடிக் கேட்டார். இரண்டாவதில், "மாத்து" என்றார். மாற்றினேன். பொங்கலுக்குப் பிறகு மறுபடி கேட்டுப் பார்க்க வேண்டும்.