ஓட்டல் ரூம் வரியில் ஒரு பறைப் பட்டறை

சான் பிரான்சிஸ்கோ நகரத்தின் கலை ஆணையம் கலைஞர்களுக்குத் தரும் கிராண்ட், அதாவது நிதியுதவி பற்றி விரிகுடாப் பகுதித் தமிழர்கள் நிறையப் பேர் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். செருப்புக்கும் சாம்பாருக்கும் விமர்சனம் எழுதுகிறோம், வரிப்பணத்தில் நடக்கும் ஒரு சேவைக்கும் எழுதத்தான் வேண்டும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். விண்ணப்பித்தது நான் இல்லை, என்னோடு ஏழு வருடமாகப் பறை அடிக்கும் தோழி. அவர் சான் பிரான்சிஸ்கோவுக்குள்ளேயே குடியிருக்கிறார், நான் விரிகுடாவுக்கு அந்தப் பக்கம். தனி ஆளாக விண்ணப்பிக்க நகரத்துக்குள் வசிக்க வேண்டும் என்பது விதி. ஃப்ரீமாண்டிலோ சன்னிவேலிலோ இருந்துகொண்டு கேட்க முடியாது, நம் ஆட்களில் பாதிப் பேர் அங்கேதான் இருக்கிறோம் என்பதால் இதை முதலிலேயே சொல்கிறேன். விண்ணப்பம் எழுதிய மூன்று வார இறுதிகளும் நான் அவர் கூடவே இருந்தேன், அந்த அனுபவத்தில்தான் இதை எழுதுகிறேன்.

இதற்கு முன்னால் வேறொரு ஊரில் எனக்கு நடந்ததையும் சொல்ல வேண்டும். ஊர்ப்பெயர் வேண்டாம். அங்கேயும் ஒரு கலைக்குழு, ஒரு சின்னத் தொகை, அதற்கு இருபது பக்கப் படிவம். எழுதிக் கொடுத்தோம். கிடைக்கவில்லை, அது பரவாயில்லை. ஆனால் கூடவே வந்த குறிப்பில், இந்தியச் செவ்விசையில் பறைக்கு என்ன இடம் என்று நாங்கள் விளக்கவில்லை என்று எழுதியிருந்தார்கள். நான் அந்த வரியைப் பல தடவை படித்தேன். பறைக்குச் செவ்விசையில் இடம் கொடுக்காத வரலாற்றைத்தான் விண்ணப்பத்தில் இரண்டு பக்கம் எழுதியிருந்தோம். படித்தவருக்குக் கர்நாடக இசை தெரியும், பரதம் தெரியும், அதற்கு வெளியே தமிழ்நாட்டில் ஒரு தோல்கருவி இருக்கும் என்றே தெரியாது. அடுத்த வருடம் கிடைத்தது, ஆனால் நிகழ்ச்சி முடிந்து ரசீது கொடுத்த பிறகுதான் பணம் என்றார்கள். கூடத்தின் வாடகையையும் வேன் வாடகையையும் ஐந்து பேர் கிரெடிட் கார்டில் போட்டுவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தோம். கையில் காசு உள்ளவர்களுக்குத்தான் அந்த கிராண்ட் என்று எனக்கு அன்று புரிந்தது.

சரி, சான் பிரான்சிஸ்கோவுக்கு வருவோம். எனக்கு இந்த ஆணையத்தில் மிகவும் பிடித்தது அதன் பணம் வரும் வழி. 1932ல் நகரச் சாசனத்திலேயே எழுதி உண்டாக்கிய அமைப்பு இது. பதினைந்து ஆணையர்கள், எல்லோரையும் மேயர் நியமிக்கிறார், அதில் பதினொரு பேர் கலைத்துறையில் வேலை செய்கிறவர்களாக இருக்க வேண்டும். கட்டடக் கலைஞர், எழுத்தாளர், ஓவியர், மேடைக் கலைஞர் என்று யார் யார் வேண்டும் என்பதும் சாசனத்தில் இருக்கிறது, மீதி நான்கு பேர்தான் பொதுமக்கள் சார்பில்.

1969ல் ஒரு சட்டம் போட்டார்கள். நகரம் ஒரு கட்டடமோ பூங்காவோ போக்குவரத்துத் திட்டமோ கட்டினால் கட்டுமானச் செலவில் 2 சதவீதம் கலைக்கு. கணக்குப் போட்டுப் பாருங்கள், நூறு கோடியில் ஒரு நூலகம் எழுந்தால் இரண்டு கோடி கலைஞர்களுக்குப் போகிறது, அதற்காக யாரும் யார் வீட்டு வாசலிலும் நிற்க வேண்டியதில்லை. விமான நிலையத்தில் இறங்கி நடக்கும்போது சுவரிலும் கூரையிலும் தொங்குவதையெல்லாம் அலங்காரம் என்று நினைத்துக் கடந்துவிடுகிறோம், அவற்றில் பெரும்பகுதி இந்த 2 சதவீதத்தில் வந்தவை. 4,000க்கும் மேற்பட்ட பொருட்கள் நகரத்தின் சொந்தக் கலைத்தொகுப்பில் இருக்கின்றன, அதைப் பராமரிப்பதும் இதே ஆணையம்தான். 1934ல், நகரத்தில் குன்றின் மேல் நிற்கும் காய்ட் கோபுரத்துக்குள் வரைந்த சுவரோவியங்களும் அதில் அடக்கம். பொருளாதாரப் பெருமந்தத்தில் வேலையில்லாமல் இருந்த ஓவியர்களுக்கு மத்திய அரசு கூலி கொடுத்து வரையச் சொன்னவை அவை. திராட்சை பறிப்பவர், கப்பல் துறைமுகத் தொழிலாளி, தெருவில் செய்தித்தாள் படிப்பவர் என்று சாதாரண ஆட்களே சுவர் முழுக்க. ஊருக்கு வரும் உறவினர்களை நான் பாலம் பார்க்கக் கூட்டிப்போகும் முன் அங்கேதான் கூட்டிப்போவேன்.

அந்த 2 சதவீதம் சிலைக்கும் சுவருக்கும்தான். பட்டறை, நாடகம், கச்சேரி, புத்தகம் இவற்றுக்கான காசு பெரும்பாலும் ஓட்டல் ரூம் வரியிலிருந்து வருகிறது. இங்கேதான் பலரும் குழப்பிக்கொள்கிறார்கள். நகரத்தில் இரண்டு குழாய்கள் இருக்கின்றன. ஒன்று 1961லிருந்து இருக்கும் 'கிராண்ட்ஸ் ஃபார் தி ஆர்ட்ஸ்', அது ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் கலை அமைப்புகளின் அன்றாடச் செலவுக்குக் கொடுக்கிறது. இன்னொன்று கலை ஆணையம், 1993ல் பண்பாட்டுச் சமத்துவ நிதி என்று ஒன்றை வைத்தபிறகு, பெரிய ஆபராவுக்கும் சிம்பொனிக்கும் வெளியே இருக்கும் சமூகங்களின் சின்னக் குழுக்களுக்கும் தனிக் கலைஞர்களுக்கும் கொடுக்கிறது. பறைக்குழு மாதிரி ஆட்கள் தட்ட வேண்டிய கதவு இரண்டாவது.

இதில் ஒரு நல்ல கதை உண்டு. ஓட்டல் வரியில் கலைக்கு இவ்வளவு என்று கட்டாயமாக்க 2016ல் நகர மக்களிடம் வாக்கெடுப்பு வைத்தார்கள். மூன்றில் இரண்டு பங்கு வேண்டும், கொஞ்சத்தில் போய்விட்டது. விடவில்லை. வீடில்லாத குடும்பங்களுக்கான பங்கு அதில் சேர்ந்திருந்ததை எடுத்துவிட்டு, கலைக்கு மட்டும் என்று மாற்றி 2018 நவம்பரில் மறுபடி வைத்தார்கள், கிட்டத்தட்ட நான்கில் மூன்று பேர் சரி என்றார்கள். அதன்படி அறை வாடகையில் வாங்கும் 14 சதவீத வரியில், வாடகையின் 1.5 சதவீதம் அளவு கலைக்குப் போகிறது. ஒருவர் 200 டாலர் அறையில் ஓர் இரவு தூங்கினால் 28 டாலர் வரி, அதில் 3 டாலர் எங்காவது ஒரு நடனப் பயிற்சிக்கோ கவிதை வாசிப்புக்கோ வருகிறது. இதில் ஒரு குறையும் இருக்கிறது, 2020ல் கொரோனாவில் ஓட்டல்கள் காலியானபோது இந்த ஊற்றும் வற்றியது. எந்த வருடம் கலைஞனுக்குக் காசு அதிகம் தேவைப்பட்டதோ அந்த வருடம்தான் குறைந்தது. சேமிப்பு ஒன்று இருந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

இப்போது விண்ணப்பம். படிவத்தில் உள்ள கேள்விகள் நேரானவை. என்ன செய்யப் போகிறீர்கள், யாருக்காக, ஏன் நீங்கள், எவ்வளவு செலவு. தோழி கேட்டது பறைப் பட்டறை, பத்து வாரம், கடைசியில் ஒரு பொது நிகழ்ச்சி. பட்ஜெட்டில் தன் சம்பளத்தைப் போடவே அவர் கூச்சப்பட்டார். நம் ஆட்களிடம் நான் பார்க்கும் பெரிய தடங்கல் இது, கலைக்குக் காசு கேட்பதைத் தப்பு மாதிரி நினைக்கிறோம். கற்றுக்கொடுக்கும் நேரம், பயிற்சி நேரம், பறையைப் பழுது பார்க்கும் நேரம் எல்லாம் வேலைதான், எழுதுங்கள் என்று அவரோடு சண்டை போட்டு எழுத வைத்தேன்.

அப்புறம் வீடியோ. தேர்வுக்குழுவில் உட்காருகிறவர்கள் ஓர் ஆளின் விண்ணப்பத்தில் ஓரிரண்டு நிமிடம்தான் பார்ப்பார்கள், அடுக்கடுக்காக நிறைய விண்ணப்பங்கள் இருக்கும். எங்களிடம் இருந்தது பொங்கல் விழாவில் எடுத்த பதினான்கு நிமிட வீடியோ. அதில் முதல் மூன்று நிமிடம் குத்துவிளக்கு ஏற்றுகிறார்கள், அடுத்து ஒருவர் எல்லோரையும் வரவேற்கிறார், அதற்கப்புறம் மைக் சரியில்லை. நான்காவது நிமிடத்தின் கடைசியில்தான் முதல் அடி விழுகிறது. அதை வெட்டினோம். தோழி சுண்டுக்குச்சியை விரல்களுக்கு நடுவில் சரியாகப் பொருத்திக்கொண்டு, ஒரு முறை மூச்சு விட்டு, அடிக்குச்சியை ஓங்கும் அந்த இடத்திலிருந்து தொடங்கினோம். அந்தச் சின்ன மாற்றத்தில் விண்ணப்பமே வேறாகிவிட்டது. யாராவது என்னிடம் ஒரே ஒரு யோசனை கேட்டால் இதைத்தான் சொல்வேன், வீடியோவை முதல் அடியிலிருந்து தொடங்குங்கள்.

இன்னொரு விஷயம், தேர்வுக்குழு கூடிப் பேசும் கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவை. யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து கேட்கலாம், நாங்களும் கேட்டோம். விண்ணப்பத்தை எப்படிப் படிக்கிறார்கள், எங்கே தயங்குகிறார்கள், எந்த வரி அவர்களுக்குப் புரியவில்லை என்பதெல்லாம் நேராகக் காதில் விழுகிறது. விண்ணப்பிக்காத வருடத்திலும் ஒரு கூட்டம் போய்க் கேளுங்கள், இலவசமாகக் கிடைக்கும் மிக நல்ல பயிற்சி அதுதான். நான் முன்னால் சொன்ன ஊரில் எனக்கு வந்தது ஒரே ஒரு குறிப்பு வரி, அதை எழுதியவர் யார், மற்றவர்கள் என்ன சொன்னார்கள் எதுவும் தெரியாது.

தோழிக்குக் கிடைத்தது. கிடைத்ததும் வேலை முடியவில்லை, நகரத்தின் சப்ளையர் பட்டியலில் பதிவு செய்ய வேண்டும், ஒப்பந்தம் போட வேண்டும், இன்சூரன்ஸ் கேட்கலாம். வரிவிலக்குப் பதிவு இல்லாத குழு என்றால் பதிவுள்ள இன்னோர் அமைப்பின் வழியாகப் போகலாம், அந்த அமைப்பு ஒரு சிறு பங்கை எடுத்துக்கொள்ளும், கணக்கையும் அதுவே பார்க்கும். இந்த ஏற்பாடு நல்லது. ஆனால் ஆங்கிலத்தில் சரளமாக எழுதத் தெரியாத ஒரு மூத்த கலைஞர், தஞ்சாவூரிலோ மதுரையிலோ முப்பது வருடம் வாசித்துவிட்டு இங்கே பிள்ளைகளோடு வந்து தங்கியிருப்பவர், தனியாக இதையெல்லாம் முடிக்க முடியுமா என்றால் முடியாது என்றுதான் சொல்வேன். பக்கத்தில் ஒருவர் உட்கார வேண்டும். என்னிடம் கேட்டால் உட்காருவேன்.

இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நகரத்துக்குச் சொந்தமான நான்கு கட்டடங்கள் பண்பாட்டு மையங்களாக இருக்கின்றன, நடத்துவது தனித்தனி லாபநோக்கற்ற அமைப்புகள், ஆதரவு ஆணையத்துடையது. மிஷன் பகுதியில் லத்தீன் அமெரிக்கக் கலைகளுக்கான மையம் 1977ல் தொடங்கியது, அதன் பட அச்சுப் பட்டறை பெயர் பெற்றது. சோமார்ட்ஸ் என்ற இன்னொரு மையத்தில் ஒவ்வோர் ஆண்டும் இறந்தவர்கள் நினைவுக் கண்காட்சி நடக்கும், நெடுஞ்சாலை ஓரத்துக் கூடத்துக்குள் ஒவ்வொருவரும் தங்கள் வீட்டுச் சாவுக்கு ஒரு படையல் கட்டியிருப்பார்கள். பறை அடிக்கிற எனக்கு அதைப் பார்த்துவிட்டு வெளியே வர மனம் வரவில்லை. ஆப்பிரிக்க அமெரிக்க மையம் ஒன்று, பேவியூவில் 1888ல் கட்டிய பழைய ஆபரா ஹவுஸ் ஒன்று. சொந்தக் கட்டடம் இல்லாத மையங்களும் உண்டு, அதில் ஆசிய பசிபிக் தீவு மக்களுக்கான மையம் ஒவ்வொரு மே மாதத்தையும் ஒட்டி ஒரு விழா நடத்துகிறது, நம்மவர்கள் அதில் இன்னும் நிறைய வர வேண்டும்.

பட்டறை நடந்த கூடம் நகரத்தின் மேற்குப் பக்கம். அங்கே மாலை நாலு மணிக்கெல்லாம் கடல் பனிமூட்டம் இறங்கிவிடும். தோல் பறை அந்த ஈரத்தில் தொய்ந்துபோகும், தட்டினால் அட்டைப்பெட்டி மாதிரி சத்தம் வரும். ஊரில் என்றால் வைக்கோலையோ காகிதத்தையோ கொளுத்திக் காய்ச்சுவோம், இங்கே கூடத்துக்குள் தீ மூட்ட முடியாது. பிளாஸ்டிக் தோல் பறைகள் பத்து வாங்கினார், அது பட்ஜெட்டில் இருந்ததால் முடிந்தது. ஒரே ஒரு தோல் பறையை மட்டும் வைத்திருந்தார், கடைசி நாள் வாசலில் பாதுகாப்பாகச் சின்னத் தீ மூட்ட அனுமதி வாங்கி அதைக் காய்ச்சி எல்லோர் கையிலும் கொடுத்தார். வாங்கித் தட்டிய பெண் ஒருவர் தட்டிவிட்டு அப்படியே காதோரம் வைத்துக்கொண்டார், தோல் இன்னும் சூடாக இருந்தது.

குறை என்று பார்த்தால் எனக்குப் பெரிதாகத் தெரிவது மாயா ஏஞ்சலோ என்ற கறுப்பினக் கவிஞரின் நினைவுச்சின்னத்தில் நடந்தது. பதின்ம வயதில் இந்த நகரத்து டிராமில் கண்டக்டராக இருந்தவர் அவர். 2019ல் லாவா தாமஸ் என்ற கலைஞரின் வடிவத்தைத் தேர்வுக்குழு தேர்ந்தெடுத்தது, புத்தக வடிவில் ஒரு வெண்கலச் சிற்பம். பிறகு, வழக்கமான மனித உருவச் சிலைதான் வேண்டும் என்று மேலிருந்து எதிர்ப்பு வந்ததும் தேர்வையே ரத்து செய்தார்கள். பலரும் கொதித்தெழுந்த பிறகு 2020ல் ஆணையம் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டது, வேலை அவருக்கே திரும்பியது, 2024 செப்டம்பரில் தலைமை நூலகத்தின் முன் நிறுவினார்கள். மன்னிப்புக் கேட்டதை மதிக்கிறேன். ஆனால் ஒரு கலைஞரை ஐந்து வருடம் அலைக்கழித்த பிறகுதான் அந்தச் சிற்ப வேலை முடிந்தது. சட்டம் பணத்தைக் காப்பாற்றுகிறது, தேர்ந்தெடுத்தவர்களின் தீர்ப்பை அந்த அளவுக்குக் காப்பாற்றவில்லை.

தெருக் கைவினைஞர்களுக்கு 1972லிருந்து உரிமம் கொடுப்பதும் இவர்கள்தான். விற்பவர் தன் கையால் செய்த பொருளாக இருக்க வேண்டும், செய்து காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டே உரிமம் தருவார்கள். மண்பாண்டமோ நகையோ செய்கிறவர்கள் இதைத் தனியாக விசாரியுங்கள்.

ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். அந்த ஒன்றைக் குறைத்தது மேஜைக்கு அந்தப் பக்கம் நம்மைத் தெரிந்தவர்கள் போதவில்லை என்பதற்காக. அதற்கும் ஒரு வழி இருக்கிறது, தேர்வுக்குழுவில் உட்கார ஆட்கள் வேண்டும் என்று ஆணையமே அழைக்கிறது, நேரத்துக்குச் சிறு தொகையும் தருகிறது. தெருக்கூத்தோ வில்லுப்பாட்டோ நாட்டுப்புறப் பாடலோ தெரிந்த யாராவது அந்த நகரத்தைச் சுற்றி இருந்தால் பெயர் கொடுங்கள். தோழி போன வாரம் கொடுத்துவிட்டார்.