‘வெக்கை இறங்காத கூரை’ செய்து தருகிறவரிடம் கவனம்

திருகோணமலையில் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் வீடு கட்டுகிறவர்களும் திருத்துகிறவர்களும் இதைப் பொறுமையாக வாசியுங்கள். ‘வெக்கை இறங்காது, மின்கட்டணம் பாதியாகும்’ என்று சொல்லிக்கொண்டு ஒரு கொந்தராத்துக்காரர் வீடு வீடாக ஏறி இறங்குகிறார். எங்கள் வீட்டுக் கூரையைச் செய்தவர் அவர்தான். பெயரை எழுதவில்லை. கையில் ஒரு பலகைப் பெட்டி இருக்கும்.

பெட்டிக்குள் மேலே ஒரு மின்குமிழ். அதன் கீழே கூரைத் தகட்டுத் துண்டு. அதிலிருந்து நாலு விரற்கடை இறக்கிப் பளபளக்கும் அலுமினியத் தாள். குமிழை எரியவிட்டு, “கையை வைத்துப் பாருங்கள், அக்கா” என்பார். தாளுக்குக் கீழே உண்மையாகவே சூடு தெரியாது. அந்தப் பெட்டியில் ஒரு பொய்யும் இல்லை. பொய் முழுவதையும் கூரைக்கென்று வைத்திருக்கிறார்.

வெயிலில் காய்ந்த தகடு கீழ்நோக்கி வெப்பத்தைக் கதிராக வீசும். பளபளப்பான அலுமினியம் அதில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். ஆனால் அந்தப் பளபளப்புக்கு முன்னால் காற்று இடைவெளி வேண்டும், ஓர் அங்குலமாவது. பளபளப்பான பக்கம் தகட்டோடு ஒட்டிக்கொண்டால் திருப்பி அனுப்ப எதுவும் இல்லை. சூடு தொட்ட இடத்தாலேயே கடந்து கீழே வந்துவிடும்.

அவர் எழுதித் தந்த மதிப்பீட்டில் இருபக்கமும் பளபளப்பான தாள், இடைவெளிக்கென்று தனியாக இரண்டாம் வரிசைச் சிலாகை (மெல்லிய மரச்சட்டம்), சூடான காற்று வெளியேற முகட்டில் வழி, கடற்காற்றுக்குத் துருப்பிடிக்காத ஆணி எல்லாம் வரிவரியாக இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் பணம் வாங்கினார். பிறகு நாங்கள் ஏறிப் பார்ப்பதற்குள் அவசர அவசரமாக சீலிங் அடித்து மூடினார்கள்.

கச்சான் என்கிற வெப்பக்காற்று வீசத் தொடங்கியது. அறைக்குள் அதே அனல், அதே மின்விசிறி, அதே மின்கட்டணம். மின்விசிறி திருத்த வந்த தம்பி சீலிங்கின் மூடியைத் திறந்து தலையை விட்டவர், என்னையும் ஏணியில் ஏறச் சொன்னார். டோர்ச் வெளிச்சத்தில் தெரிந்தது இதுதான்: ஒரு பக்கம் மட்டும் பளபளக்கும் மெல்லிய தாள். பளபளப்பு மேலே பார்த்தபடி, தகட்டோடு ஒட்ட இழுத்து அடித்திருந்தார்கள். கீழே தெரிந்தது வெறும் வெள்ளை பிளாஸ்டிக். இரண்டாம் வரிசைச் சிலாகையை மருந்துக்கும் காணவில்லை. முகட்டைச் சீமெந்து பூசி அடைத்திருந்தார்கள். ஆணிகளைச் சுற்றி அதற்குள் செம்மண் நிறத்தில் துரு.

யன்னலிலும் ஒரு கூத்து. வடக்கு ‘வெயில் படாத திசை’ என்று அடித்துச் சொல்லி, நிழல் தட்டு இல்லாமல் பெரிய கண்ணாடி யன்னல் வைக்கச் செய்தார். டில்லியில் நண்பகல் வெயிலுக்கு அந்தக் கணக்குச் சரி. திருகோணமலை இருப்பது ஏறத்தாழ 8.5 பாகை வட அகலக்கோட்டில். சித்திரைப் புத்தாண்டை ஒட்டி உச்சி வெயில் நம் தலைக்கு நேர் மேலே வருகிறது; அதிலிருந்து ஓகஸ்ட் இறுதிவரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கேதான் நிற்கிறது. கச்சான் வீசுகிற அதே மாதங்களில்! ஆனி மாதம் முற்றத்தில் விழும் நிழலைப் பார்த்த சின்னப்பிள்ளைக்கும் தெரிகிற விஷயம்.

கூப்பிட்டுக் கேட்டேன். “தாள் எப்படிப் போட்டாலும் தாள்தானே, அக்கா” என்றார். அப்படியானால் உங்கள் பெட்டியிலும் தாளைத் தகட்டோடு ஒட்டவைத்துக் குமிழைப் போட்டுக் காட்டுங்கள் என்றேன். பெட்டி வேறொரு வீட்டில் இருக்கிறதாம். பிறகு வேலையாட்களின் பிழை என்றார். அதற்குப் பிறகு தொலைபேசியை எடுப்பதே இல்லை. ஆனால் நான் நிறுத்திவைத்திருக்கும் கடைசித் தவணையைக் கேட்டு ஆள் மட்டும் அனுப்புகிறார்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். அவர்களுடைய இலக்கம் 1977. கையெழுத்திட்ட மதிப்பீடும் பற்றுச்சீட்டுகளும் கூரைக்குள் எடுத்த படங்களும் என்னிடம் இருக்கின்றன. வாய்ப்பேச்சில் வேலை கொடுத்த பக்கத்துத் தெருக்காரரிடம் காட்ட ஒரு துண்டுக் காகிதமும் இல்லை.

உங்கள் வீட்டில் வேலை நடந்துகொண்டிருந்தால், சீலிங் அடிக்க விடாதீர்கள். ஏணி வைத்து ஏறி, தகட்டுக்கும் தாளுக்கும் நடுவே விரலை விட்டுப் பாருங்கள். நுழையவில்லை என்றால் அடுத்த தவணையைக் கொடுக்க வேண்டாம்.