கம்ப்யூட்டருக்கு ஏர் கூலரா, லிக்விட் கூலரா? மதுரை வெயிலுக்கு எது சரி

சித்திரையில் மாடி அறை 38 டிகிரியைத் தொடும்போதுதான் பலருக்கும் இந்தக் குழப்பம் வருகிறது. ஆனால் அறையின் வெப்பத்துக்குக் கீழே இரண்டுமே கம்ப்யூட்டரின் மூளையான சிபியூ சிப்பைக் குளிர்விக்காது.

விலை: ஏர் கூலர்தான் மலிவு.

மின்சாரம்: ஏர் கூலரில் ஒரு ஃபேன், சில வாட் போதும். லிக்விடில் திரவத்தைச் சுற்றவிடும் பம்பும் சேர்ந்து ஓடும்.

உழைப்பு: ஃபேன் போனால் ஃபேனை மட்டும் மாற்றலாம், பம்ப் போனால் பெரும்பாலும் மொத்தத்தையும் மாற்றணும்.

தூசி: இரண்டுக்கும் எதிரி. என் கூலரின் தகடுகளுக்கு நடுவே பஞ்சு மாதிரி அடைத்திருந்ததைப் பழைய பெயின்ட் பிரஷ்ஷால் தட்டி எடுத்ததுமே 84 டிகிரியில் இருந்த சிபியூ 73க்கு இறங்கியது.

அப்புறம், பயாஸில் (கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போதே திறக்கக்கூடிய அடிப்படை செட்டிங்ஸ்) வெப்பத்துக்கு ஏற்ப ஃபேன் வேகம் மாறும்படி வைத்துவிடுங்கள், சும்மா இருக்கும்போது வீணாகச் சுற்றாது.

படிப்பு, ஆபீஸ் வேலை, கொஞ்சம் கேம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு ஏர் கூலர் வாங்குங்கள். பெரிய சிப்பில் நாள் முழுக்க வீடியோ ரெண்டர் செய்பவர்களுக்கு லிக்விட்.